புளியரை ரோட்டு மாடி வகுப்பு: எட்டு மாதம் மகளை அனுப்பியதில் தெரிந்தது

பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்கிறார், "அண்ணாச்சி, அந்த மாடிக் கணக்கு வகுப்புக்கு உங்க பொண்ணு போகுதாமே, எப்படி இருக்கு?" ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிப் போடுகிறேன். இனி கேட்பவர்களுக்கு இதைக் காட்டிவிடலாம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கணக்கு படித்தவன் இல்லை. செங்கோட்டையில் அறுப்பு மில் வைத்திருக்கிறேன். கேரளாவிலிருந்து தேக்கு, அயினி, மகாகனி, ரப்பர் மரம் என்று லாரியில் வருவதை அறுத்துக் கொடுப்பது தொழில். கட்டையின் சுற்றளவை நூல் பிடித்து அளந்து, நூலை நாலாக மடித்து, மடித்த நீளத்தை அதாலேயே பெருக்கி, அப்புறம் கட்டையின் நீளத்தால் பெருக்கினால் கன அடி. எனக்குத் தெரிந்த வர்க்கம் அந்த ஒன்றுதான். ஆகவே இது ஒரு தகப்பன் எழுதுகிற விமர்சனம், அவ்வளவுதான்.

வகுப்பு என்னவென்றால், செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற ரோட்டில் ஒரு வீட்டு மாடி. நடத்துகிறவர் தமிழர், ஆனால் வேலை பார்த்ததெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளப் பள்ளிக்கூடத்தில். ஓய்வு பெற்று வந்து சனி, ஞாயிறு சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறரை வரை எடுக்கிறார். பன்னிரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் நம்ம ஊர், மீதி ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து மலை இறங்கி வருகிறவர்கள். மாதம் அறுநூறு ரூபாய், கையில்தான் கொடுக்க வேண்டும், ஜிபே கிடையாது. பெயர்ப் பலகை கிடையாது. போன் செய்தால் எடுக்க மாட்டார். எடுக்க மாட்டார் என்றால் எடுக்கவே மாட்டார், பிள்ளை வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்கக்கூட வழியில்லை. இதை முதல் குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அங்கே போனது கணித ஒலிம்பியாட் போட்டிக்கான தகுதித் தேர்வுக்காக. ஐஓக்யூஎம் என்பார்கள். மூன்று மணி நேரம், 30 கேள்வி, 100 மார்க், விடை எல்லாமே 00-லிருந்து 99-க்குள் ஒரு முழு எண், ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்ப வேண்டும். அதற்கு முந்தின வருஷம் மகளை ஒரு ஆன்லைன் கோச்சிங்கில் சேர்த்திருந்தேன். பெயர் வேண்டாம், பதினெட்டாயிரம் ரூபாய் போனதோடு போகட்டும். அங்கே முழு வர்க்கம், அதாவது ஒரு முழு எண்ணை அதாலேயே பெருக்கி வருவது, என்ற பாடத்தில் சொல்லிக்கொடுத்தது, கடைசி இலக்கம் 2, 3, 7, 8 என்று முடிந்தால் அது முழு வர்க்கம் இல்லை என்பது. உண்மைதான், தப்பில்லை. ஆனால் எது இல்லை என்று சொல்லத் தெரிந்ததே தவிர, எது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளை 1, 4, 9, 16 என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு தேங்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் அடுத்த கேள்வி.

இந்த மாடியில் முதல் நாள் என்ன நடந்தது என்று அவள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வகுப்பின் மொத்த சரக்கும் அதில் இருக்கிறது.

போர்டில் ஒரு கேள்வி. ஒரு எண்ணோடு 20-ஐக் கூட்டினால் முழு வர்க்கம், அதே எண்ணிலிருந்து 27-ஐக் கழித்தாலும் முழு வர்க்கம். எண் எது? எல்லாரும் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சார் பத்து நிமிஷம் விட்டுவிட்டு, "இரண்டு சமன்பாடு இருக்கு, அந்த எண் யாருன்னே நமக்குத் தெரியாது, தெரியாதவனை முதல்ல வெளியே அனுப்பு" என்றாராம். அதாவது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. எண் போய்விடுகிறது. மிஞ்சுவது, ஒரு வர்க்கத்துக்கும் இன்னொரு வர்க்கத்துக்கும் வித்தியாசம் 47. வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் இரண்டின் கூட்டலையும் கழித்தலையும் பெருக்கி வருவது. 47 பகா எண், அதை 1 பெருக்கல் 47 என்று மட்டும்தான் எழுத முடியும். கழித்தல் 1, கூட்டல் 47 என்றால் அந்த இரண்டு பேரும் 24-உம் 23-உம். 24-இன் வர்க்கம் 576, அதில் 20 போனால் 556. சரிபார்க்க 27-ஐக் கழித்தால் 529, அது 23-இன் வர்க்கம். ஒரே விடை, தேடவே வேண்டாம்.

இதுவரைக்கும் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். அடுத்து அவர் 27-ஐ அழித்துவிட்டு 26 என்று போட்டார். வித்தியாசம் இப்போது 46. பிள்ளைகள் சந்தோஷமாக 1 பெருக்கல் 46, 2 பெருக்கல் 23 என்று எழுதிப் பார்த்தால் எதுவும் ஒத்துவரவில்லை, எல்லாம் அரையில் முடிகிறது. முக்கால் மணி நேரம் இதே. சார் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆரியங்காவுப் பையன் ஒருவன்தான் சொன்னானாம், இரண்டு எண்களைக் கூட்டி வருவதும் கழித்து வருவதும் ஒன்று இரண்டும் ஒற்றையாக இருக்கும், இல்லை இரண்டும் இரட்டையாக இருக்கும், கலந்து வராது, 46-ஐ எப்படி உடைத்தாலும் ஒன்று ஒற்றை ஒன்று இரட்டை, ஆகவே விடையே கிடையாது. விடை கிடையாது என்பதும் ஒரு விடை என்று என் மகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். ஆன்லைன்காரர்களிடம் விடை இல்லாத கேள்வியே வராது, நாலு ஆப்ஷனில் ஒன்று சரியாக இருந்துதானே ஆக வேண்டும்.

அப்புறம் 26-ஐ அழித்து 28. வித்தியாசம் 48. இரண்டும் இரட்டையாக இருக்கும்படி உடைத்தால் 2-24, 4-12, 6-8. மூன்று விடை: 149, 44, 29. ஒன்று, பூஜ்யம், மூன்று. நடுவில் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றினார். அத்தோடு அன்றைய வகுப்பு முடிந்தது, இரண்டரை மணி நேரத்துக்கு. அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் 49, 50, 51 என்று போட்டுக்கொண்டே போனாள்.

சரி, குறைக்கு வருகிறேன். மாடியில் போட்டிருப்பது தகர ஷீட். ஜூன், ஜூலையில் இங்கே சாரல் அடிக்கிற அழகைப் பார்க்க ஊரே குற்றாலத்துக்கு வரும், ஆனால் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து அந்தச் சத்தத்தில் பாடம் கேட்பது வேறு விஷயம். மழை வலுத்தால் சார் பேசுவதை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டு மட்டும் போவார். கரண்ட் போனால் ஒரு எமர்ஜென்சி லைட்டு. கழிவறை கீழே, வீட்டுக்காரர்களைத் தாண்டித்தான் போக வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு அது சங்கடம், இரண்டு முறை சொல்லியும் மாறவில்லை. சீசன் நேரத்தில் ரோடும் நெரிசல். கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் கோட்டைவாசல் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும், மலைப்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து மணிக்குத்தான் வந்து சேரும்.

இன்னொன்று மொழி. 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான், நமக்கு மலையாளம் காதுக்குப் புதிதில்லை. இருந்தாலும் சார் கணக்கு வேகத்தில் போகும்போது தமிழ் பாதியில் இறங்கிவிடும். முழு வர்க்கத்தைப் பூர்ண வர்க்கம் என்பார், மீதியைச் சிஷ்டம் என்பார், காரணியைக் கடகம் என்பார். கடகம் என்றதும் எங்க வீட்டில் ஞாபகம் வருவது ஓலைப்பெட்டி. முதல் மாதம் முழுக்க மகள் நோட்டில் "கடகம் இரண்டும் இரட்டையாக இருக்க வேண்டும்" என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்து என் அம்மா, எதுக்கு இரண்டு பெட்டி என்று கேட்டார்கள்.

இப்போது நான் சண்டைக்குப் போன கதை. ஆகஸ்ட் மாதம். மூன்று வாரமாக ஒரே கணக்கு. நோட்டைப் புரட்டினால் ஒரே கேள்வி, பக்கம் பக்கமாக அடித்தல் திருத்தல். தேர்வு செப்டம்பரில். எனக்குப் பொறுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மில்லிலிருந்து அப்படியே மரத்தூளோடு மாடி ஏறிவிட்டேன். "என்ன சார் இது, மூணு வாரமா ஒரே கணக்கைக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கு பிள்ளை, நீங்க சொல்லிக்கொடுக்கவும் மாட்டேங்கிறீங்க" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி, உக்காருங்க. உங்க தொழில் கணக்குதான் இது, நீங்க வந்ததே நல்லதாப் போச்சு" என்று சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டார்.

கேள்வியை அவர் எனக்காக மாற்றிச் சொன்னது இப்படி. ஒரு சதுரப் பலகை அறுக்க வேண்டும். அதன் பரப்போடு ஐந்து சதுர அடியைக் கூட்டினால் வருகிற பரப்புக்கும் ஒரு சதுரப் பலகை, ஐந்து சதுர அடியைக் குறைத்தால் வருகிற பரப்புக்கும் ஒரு சதுரப் பலகை. மூன்று பலகையும் அடி, இஞ்சில் சுத்தமாக வர வேண்டும், அரை இஞ்சு கால் இஞ்சு கூடாது. முடியுமா?

ஒரு சதுர அடிக்கு 144 சதுர இஞ்சு, அது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஐந்துக்கு 720. ஆக, சம இடைவெளியில் மூன்று முழு வர்க்கம் வேண்டும், இடைவெளி 720. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. மில்லில் ஒரு கட்டை வந்தால் அதில் இந்த அளவுச் சட்டம் எத்தனை வரும், அந்த அளவு எத்தனை வரும் என்று வழியெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தில் வைப்போம், அந்தப் பழக்கத்தில் நான் 720-ஐ உடைத்து எழுத ஆரம்பித்தேன். பின்னாலிருந்து மகள், "அப்பா, ரெண்டும் இரட்டையா இருக்கிறதை மட்டும் எழுதுங்க, 48-க்கு எழுதின மாதிரி" என்றாள். எழுதினால் ஒன்பது ஜோடி. 2-360, 4-180, 6-120, 8-90, 10-72, 12-60, 18-40, 20-36, 24-30. ஒவ்வொரு ஜோடியும் ஒரு பெரிய எண், ஒரு சின்ன எண் தரும், அவற்றின் வர்க்க வித்தியாசம் 720. 181-179, 92-88, 63-57, 49-41, 41-31, 36-24, 29-11, 28-8, 27-3.

கொஞ்ச நேரம் எல்லாரும் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று மூன்று நாலு பிள்ளைகள் ஒரே சமயத்தில் கத்தின. 41. ஒரு ஜோடியில் சின்னதாகவும் அடுத்த ஜோடியில் பெரியதாகவும் வருகிற ஒரே எண். அதுதான் நடுப்பலகை. 41 இஞ்சு, அதாவது மூன்றடி ஐந்து இஞ்சு. கூட்டினால் 49 இஞ்சு, நாலடி ஒரு இஞ்சு. குறைத்தால் 31 இஞ்சு, இரண்டடி ஏழு இஞ்சு. வர்க்கம் எடுத்தால் 961, 1681, 2401. இருபத்தைந்து வருஷமாக அடி இஞ்சோடு புழங்குகிறேன், இப்படி மூன்று பலகை உண்டு என்று எனக்குத் தெரியாது.

சார் அப்புறம்தான் சொன்னார், இது 1225 வாக்கில் இத்தாலியில் பிபோனாச்சி என்கிற ஆளிடம், பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் சபையைச் சேர்ந்த ஒரு பண்டிதர் போட்ட கேள்வி என்று. பிபோனாச்சி சொன்ன விடை 41-ஐ 12-ஆல் வகுத்தால் வருவது. அடியில் எழுதினால் நம்ம மூன்றடி ஐந்து இஞ்சேதான். ஐந்துக்குப் பதில் ஆறு சதுர அடி என்றால் இன்னும் சுலபம், இரண்டரை அடிப் பலகை, கூட்டினால் மூன்றரை, குறைத்தால் அரை அடி. ஆனால் ஒரே ஒரு சதுர அடி என்று கேட்டால் அடி இஞ்சு மட்டும் இல்லை, எந்தப் பின்னத்தில் எவ்வளவு நுணுக்கமாகப் போனாலும் முடியாது என்று பெர்மா என்கிற பிரெஞ்சுக் கணிதக்காரர் நிரூபித்துவிட்டார். எந்தெந்த எண்ணுக்கு முடியும், எதற்கு முடியாது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முழு நிரூபணம் இன்று வரைக்கும் இல்லையாம். பலகை அறுக்கிற கேள்வி.

சண்டைக்குப் போனவன் அடுத்த வாரம் மூன்று பலகை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளைவுட்டில்தான். இதில் ஒரு வேடிக்கை, எட்டுக்கு நாலு ஷீட்டில் நாலடி ஒரு இஞ்சு வராது, ஒரு இஞ்சு பற்றாது, ஒட்டுப் போட்டுத்தான் கொடுத்தேன். மூன்றும் இப்போது வகுப்புச் சுவரில் தொங்குகின்றன, போனால் பார்க்கலாம். ஒட்டுத் தெரியும்.

அதற்காக நான் சாருடைய ஆளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தேர்வில் என் மகள் தேறவில்லை. காரணம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எண்ணியலிலிருந்து வந்த கேள்விகளை அழகாகப் போட்டுவிட்டு வந்தாள், வடிவியல் கேள்விகள் பக்கம் போகவே இல்லை, எத்தனை விதத்தில் செய்யலாம் என்று கேட்கிற எண்ணிக்கைக் கணக்கில் பாதி விட்டுவிட்டாள். இந்த வகுப்பில் எண்ணைத் தவிர வேறு எதுவும் கிடையாது. முக்கோணம், வட்டம் எல்லாம் அவர் தொடுவதில்லை. மாதிரித் தேர்வு வைப்பதில்லை. அச்சடித்த நோட்ஸ் கிடையாது. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கணக்கு போனதுதான், வாட்ஸப்பில் அனுப்புங்கள் என்றால் கூட உட்கார்ந்த பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளச் சொல்வார். தேர்வு முடிவு வந்த அன்று நான் சொன்னேன், தேறவில்லை சார் என்று. "அடுத்த வருஷமும் நடத்துவாங்கள்ல" என்றார். அவருக்கு அது அவ்வளவுதான். பணம் கட்டுகிறவனுக்கு அப்படியா?

கதை சொல்ல ஆரம்பித்துவிட்டால் நேரம் போவதே தெரியாது, இது இன்னொரு குறை, சில பேருக்கு இதுவே நிறையாகவும் இருக்கலாம். ஒரு சனிக்கிழமை முக்கால் மணி நேரம் கணித மேதை சிவசங்கரநாராயண பிள்ளையைப் பற்றியே பேசியிருக்கிறார். எஸ். எஸ். பிள்ளை 1901-இல் பிறந்தது இங்கே பக்கத்தில் வல்லத்தில், படித்தது செங்கோட்டையில். எனக்கே தெரியாது. நம்ம ஊர்க்காரர் ஒருவர் ஒரு எண்ணை அதாலேயே பெருக்கிப் பெருக்கி வருகிற அடுக்கு எண்கள் (8, 9, 16 மாதிரி) இரண்டுக்கு நடுவே ஒரே வித்தியாசம் எத்தனை இடத்தில் வரும் என்று கேட்டு, எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அது எண்ணி முடிக்கிற அளவுக்குத்தான் வரும் என்று ஊகித்தார், அது இன்னும் நிரூபிக்கப்படாமல் கிடக்கிறது. வித்தியாசம் 1 என்பதற்கு மட்டும் 8, 9 என்ற ஒரே ஜோடிதான் என்று 2002-இல் மிஹைலெஸ்கு என்கிற கணிதக்காரர் நிரூபித்தார். பிள்ளை 1950 ஆகஸ்ட் 31-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகிற வழியில் கெய்ரோ பக்கத்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். மகள் அன்று ராத்திரி வல்லத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போகச் சொன்னாள். தினமும் வண்டியில் தாண்டிப் போகிற ஊர், அதைப் பார்க்க எதற்குப் போவது என்று கேட்டேன், போனோம்.

நவம்பரில் போட்ட கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் நாள் போட்ட 46 எதற்கு என்று எனக்கு அதில்தான் புரிந்தது. 1986-இல் வார்சாவில் நடந்த உலக ஒலிம்பியாடின் முதல் கேள்வி. இந்தியா அதில் கலந்துகொள்ள ஆரம்பித்ததே 1989-இல்தான். 2, 5, 13 என்று மூன்று எண். எந்த இரண்டைப் பெருக்கி 1-ஐக் கழித்தாலும் முழு வர்க்கம், 9, 25, 64. இதே மாதிரி ஒத்துப்போகிற நாலாவது எண் ஒன்று சேர்க்க முடியாது என்று காட்ட வேண்டும். அதாவது அந்த எண்ணை 2-ஆல், 5-ஆல், 13-ஆல் பெருக்கி ஒன்று கழித்தால் மூன்றும் ஒரே சமயத்தில் முழு வர்க்கமாக வராது.

மகள் எனக்கு விளக்கியது, சாப்பாட்டு மேஜையில், அப்பளத்தை நொறுக்கி நொறுக்கி வைத்து. இரண்டு மடங்கில் ஒன்று போனால் ஒற்றை எண். ஒற்றை எண்ணின் வர்க்கத்தை எட்டால் வகுத்தால் எப்போதும் மீதி 1. அப்படியானால் அந்த இரண்டு மடங்கு எட்டால் வகுக்கும்போது மீதி 2 தரும், ஆகவே நம்ம எண் நாலால் வகுக்கும்போது மீதி 1 தரும், அதாவது ஒற்றை. ஒற்றை என்றால் ஐந்து மடங்கில் ஒன்று போனதும் பதின்மூன்று மடங்கில் ஒன்று போனதும் இரட்டை, இரண்டும் இரட்டை எண்களின் வர்க்கம். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் எட்டு மடங்கு. எல்லாவற்றையும் நாலால் வகுத்துவிட்டால், நம்ம எண்ணின் இரண்டு மடங்கு இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்று வரும். இரண்டு மடங்கு ஒற்றை எண். "அப்பா, அது 46" என்றாள். இரண்டு பெருக்கல் இருபத்து மூன்று. ஜூன் மாதம் முக்கால் மணி நேரம் முட்டி மோதி, முடியாது என்று கண்டுபிடித்த அதே இடம். உலக ஒலிம்பியாட் கேள்வி அங்கே வந்து விழுகிறது.

இதைத்தான் ஆன்லைனில் பதினெட்டாயிரத்துக்கும் வாங்க முடியவில்லை என்கிறேன். அவர்களும் இந்தக் கேள்வியைப் போட்டுக் காட்டினார்கள், நாலு நிமிஷ வீடியோவில், நான் அப்புறம் தேடிப் பார்த்தேன். நாலு நிமிஷத்தில் பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கிறது, எங்கிருந்து எட்டால் வகுக்கத் தோன்றியது என்று எவனுக்கும் புரியாது.

கழித்தலுக்குப் பதில் கூட்டல் என்றால் கதையே வேறு, அதையும் எடுத்திருக்கிறார். 1, 3, 8, 120. எந்த இரண்டைப் பெருக்கி 1-ஐக் கூட்டினாலும் முழு வர்க்கம். 8-ஐயும் 120-ஐயும் பெருக்கினால் 960, ஒன்றைக் கூட்டினால் 961, நம்ம சின்னப் பலகையின் 31. ஐந்தாவதாகப் பூஜ்யம் இல்லாத ஒரு முழு எண் சேர்க்க முடியாது என்று பேக்கர், டேவன்போர்ட் என்கிற இரண்டு கணிதக்காரர்கள் 1969-இல் காட்டினார்கள், அப்படி எந்த ஐந்து முழு எண்ணை எடுத்தாலும் முடியாது என்பது 2019-இல்தான் அச்சில் வந்தது. இதற்கு நிரூபணம் எல்லாம் அவர் எடுக்கவில்லை, எடுக்கிற சங்கதியும் இல்லை. பிள்ளைகளை 120-ஐ மட்டும் கண்டுபிடிக்க வைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

யாருக்கு இந்த வகுப்பு ஒத்துவரும்? தேர்வில் இந்த வருஷமே தேற வேண்டும் என்கிறவர்களுக்கு இல்லவே இல்லை, வேறு இடம் பாருங்கள், அல்லது இதோடு வடிவியலுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், நாங்கள் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு மார்க்குக்காக என்றாலும் வேண்டாம். ஒரே கணக்கை மூன்று நாள் வைத்துக்கொண்டு உட்கார்கிற பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். அப்படி உட்காராத பிள்ளைகள் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகின்றன, எங்களோடு சேர்ந்ததில் மூன்று பேர் நின்றார்கள், அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஏழாவதிலிருந்து சேர்க்கிறார். இடைவேளைக்கு ஒன்றும் கிடையாது, பசிக்கிற பிள்ளைக்குக் கையில் ஏதாவது கொடுத்து விடுங்கள். குடை எல்லா மாதத்திலும். கூட்டி வரப் போகிறவர்கள் ஆறரை என்பதை ஏழு என்று வைத்துக்கொண்டு பிரானூர் பார்டரில் ஒரு பரோட்டாவை முடித்துவிட்டே போகலாம், நான் அப்படித்தான்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. பாடத்துக்கு மட்டும் என்றால் ஐந்து. கழிவறைக்கும் போனுக்கும் சேர்த்து ஒன்றரை குறைத்துவிட்டேன்.

கடைசியாகப் போன மாதம் நடந்தது. ஐந்து சதுர அடிக்குப் பலகை ஆயிற்று, ஆறுக்கும் ஆயிற்று, ஏழு சதுர அடிக்கு வேண்டும் என்றாள் மகள். விடையையும் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள், நடுப்பலகை 33.7 இஞ்சு, கூட்டினால் 46.3, குறைத்தால் 11.3. என் டேப்பில் இஞ்சு எட்டாகவும் பதினாறாகவும்தான் பிரிந்திருக்கிறது, பத்தில் ஒன்றுக்கு எங்கே போவது? மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்த்தேன், 856, 1176, 287 என்று அச்சு அசலாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது, அளவு பிசகாமல் அறுத்து, ஓரமெல்லாம் இழைத்து, இந்தத் தடவை ஒட்டே இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் அளவைக் கேட்டார். போர்டில் பெருக்கிப் பார்த்தார். ஒரு பக்கத்து வித்தியாசம் 650240, இன்னொரு பக்கத்து வித்தியாசம் 650367. "127 சதுர மில்லிமீட்டர் இடிக்குது அண்ணாச்சி" என்று மூன்று பலகையையும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.